கோரிக்கை மனு: செல்போன் டவர் டீசல் கலந்த எங்கள் தெருக்கிணற்றை மீட்டுத் தர வேண்டி

அனுப்புநர்
கீழத்தெரு பொதுமக்கள் சார்பாக,
அதே தெருவில் குடியிருக்கும் பீடித் தொழிலாளி,
கன்னடியன் கால் கரை,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: செல்போன் டவர் ஜெனரேட்டரின் டீசல் தெருக்கிணற்றில் கலப்பதைத் தடுத்து, கிணற்றைச் சுத்தம் செய்து தரவும், அந்த டவரில் வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பாதுகாப்புக் கிடைக்கச் செய்யவும் கோருதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து முன்பு கொடுத்த மனுக்களும் அவற்றின் ஒப்புகைச் சீட்டுகளும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெரு தங்களுக்குத் தெரிந்த இடம்தான். அம்பாசமுத்திரம் சாலையில் கால்வாய்ப் பாலம் இறங்கியதும் இடதுகைப் பக்கம், ரேஷன் கடைக்குப் பின்னால். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்று, அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போன தெரு. ரேஷன் கடைச் சுவரை ஒட்டி நிற்கும் டவரும் தங்கள் கண்ணில் பட்டிருக்கும். அந்த டவரின் கம்பி வேலியில் இருந்து 15 அடி தள்ளி எங்கள் தெருக்கிணறு இருக்கிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். டவரை எடுக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. வெள்ளத்தின்போது டவர் நின்றுபோய், திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகள், வீட்டில் இருக்கிறவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாமல் தவித்தார்கள். டவர் எங்களுக்கு வேண்டும். கதிர்வீச்சு பற்றியும் இந்த மனுவில் எதுவும் கேட்கவில்லை. 2012 செப்டம்பர் முதல் நம் நாட்டில் அதற்கான வரம்பு, சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது எங்களுக்கும் தெரியும். டவர் என்று மனுவில் பார்த்தவுடன் கதிர்வீச்சுப் பயம் என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள், அதற்காகத்தான் சொல்கிறோம். எங்கள் குறை டீசல், ஐயா. கிணற்றுக்குள் இறங்கும் டீசல்.

1. டவருக்கு ராத்திரி பகல் எந்நேரமும் மின்சாரம் வேண்டும். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும், பேட்டரி இறங்கிவிட்டால் டீசல் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும். இங்கே இருக்கும் பேட்டரிகள் பழசாகிவிட்டன. கரண்ட் போன கொஞ்ச நேரத்திலேயே ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிவிடுகிறது. அது ஓட ஓட டீசல் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. டெம்போவில் கேன் கேனாகக் கொண்டுவந்து, ட்யூபை விட்டு வாயால் உறிஞ்சி டேங்கில் இறக்குகிறார்கள். ஒவ்வொரு தடவையும் சிந்துகிறது. சிந்தியதைப் பிடிக்க அடியில் தட்டோ தொட்டியோ கிடையாது. சிமெண்ட் தளம் வெடித்துக் கிடக்கிறது. வேலிக்கு உள்ளே மண் கறுத்துப் போய், மழைக்காலத்தில்கூடப் புல் முளைக்காமல் இருப்பதை ரோட்டில் நின்றே பார்க்கலாம்.

2. இனி கிணற்றைப் பற்றி. குடிநீர்க் குழாய் எங்கள் தெருவோடு முடிகிறது. கடைசி வீடுகளுக்கு வருகிற தண்ணீர் குடிப்பதற்கே பத்தாது. சோறு பொங்க, பாத்திரம் விளக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் இந்த உறைக்கிணறுதான். பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்து கன்னடியன் கால்வாயில் ஓடினால் கிணறும் ஊறும், கார் பருவ நெல் சாகுபடி சமயத்தில் குனிந்து மொண்டுகொள்ளும் உயரத்துக்கு வந்துவிடும். முன்பு அது எங்களுக்கு நல்ல மாதம். இப்போது தண்ணீர் ஏற ஏற, மண்ணில் இறங்கிக் கிடக்கும் டீசலும் கூடவே ஏறுகிறது. டீசல் தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். வாளியை இறக்கினால் நீலமும் ஊதாவுமாக ஒரு படலம் விலகி வழிவிட்டு, வாளி மேலே வருவதற்குள் மறுபடி மூடிக்கொள்கிறது. கயிற்றில் பிசுக்கு, குடத்தின் கழுத்தில் பிசுக்கு. புளி போட்டுத் தேய்த்தாலும் போவதில்லை.

படலத்தை ஒதுக்கிவிட்டு அடித்தண்ணீரை மொண்டு, வேட்டித் துணியில் வடித்துக் காய்ச்சிப் பார்த்தோம். சோற்றில் வாடை அடிக்கிறது. பழையது என்றால் இன்னும் மோசம். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த பானையைக் காலையில் திறந்தால் பெட்ரோல் பங்கில் நிற்கிற மாதிரி இருக்கிறது. வயலுக்குப் போகிற ஆம்பிளைகள் அதைக் குடிக்க முடியாமல் வெறும் வயிற்றோடு போகிறார்கள். பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாடு போடுவதால் சின்னப் பிள்ளைகள் மட்டும் தப்பித்தார்கள்.

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறோம். இலையை நனைத்து, பதமாக்கித்தான் வெட்ட வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் நனைத்த இலையில் வாடை ஏறிவிடுகிறது. பீடிக்கடையில் கட்டைக் கையில் எடுத்ததுமே மோந்து பார்த்துக் கழித்துவிடுகிறார்கள். நாள் முழுக்கச் சுளகு முன்னால் குனிந்து உட்கார்ந்து சுற்றியது கழிவாகப் போகிறது. இலைக்கும் தூளுக்கும் கணக்கு நாங்கள்தான் சொல்ல வேண்டும். குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் அரிப்பு. மாசமாக இருக்கிற பெண்களை இந்தத் தண்ணீர் பக்கமே விடுவதில்லை. அவர்களுக்கு மட்டும் கால்வாய்க்கு அக்கரையில் இருந்து ஒருவர் சுமந்து வருகிறார்.

வெள்ளத்துக்கு முன்பும் லேசாக வாடை உண்டு. வெள்ளத்தில் டவர் வேலிக்குள் இருந்த கேன்கள் மிதந்து கவிழ்ந்த பிறகுதான் இது நிரந்தரமானது. சரி, புகார் கொடுத்தோம். பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் போனார்கள். பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும், டீசலை அது என்ன செய்யும்? அப்புறம் ஒருமுறை பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய், உப்பும் கடினத்தன்மையும் பார்த்து, சரியாக இருப்பதாக எழுதிவிட்டார்கள். எண்ணெயைச் சோதிக்கவே இல்லை! மூடியைத் திறந்து மோந்து பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

ஐயா, இதைத் தாங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறோம். 1974 ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24 ஆம் பிரிவு, மாசுப்பொருளை ஆற்றிலோ கிணற்றிலோ நிலத்திலோ தெரிந்தே விடக்கூடாது என்கிறது. கிணறு என்று சட்டத்திலேயே இருக்கிறது. தெரியாமல் விட்டோம் என்று கம்பெனி சொல்ல முடியாதபடி எங்கள் மனுக்கள் இருக்கின்றன.

3. டீசல் ஊற்ற வரும் தம்பி மீது எங்களுக்குக் கோபம் கிடையாது. ஒரே நாளில் பல டவர்களுக்கு அவன் ஓட வேண்டும். கையுறை இல்லை, கையால் சுற்றும் பம்ப்கூட இல்லை. நிதானமாக ஊற்ற நேரமும் இல்லை. அவனுக்கு ஒரு பம்ப்பும் புனலும் கொடுத்திருந்தால் எங்கள் கிணற்றுக்குப் பாதி டீசல் வந்திருக்காது. அதனால்தான் அவன் விஷயத்தையும் இதே மனுவில் எழுதுகிறோம். போன மழைக்காலத்தில் டவர் ஏணியில் கால் வழுக்கி விழுந்து கை ஒடிந்தது. இடுப்பில் பெல்ட் இல்லை, தலையில் ஹெல்மெட் இல்லை. ஆட்டோ பிடித்துப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது எங்கள் தெரு ஆட்கள். கம்பெனிக்குப் போன் போட்டால், அவன் எங்கள் ஆள் இல்லை, கான்ட்ராக்டர் ஆள் என்றார்கள். கான்ட்ராக்டரோ தனக்குக் கீழே எடுத்தவரைக் கேட்கச் சொன்னார். கீழே எடுத்தவர் போனையே எடுக்கவில்லை. வைத்தியச் செலவுக்கு அவன் வீட்டில் நகையை அடகு வைத்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றும் எங்களுக்கே 1966 இல் சட்டம் வந்து, போராடிப் போராடி பி.எப். நம்பர் கிடைத்திருக்கிறது. நூறு அடிக்கு மேல் ஏறுகிறவனுக்கு ஒரு சீட்டுக் காகிதம்கூட இல்லை. ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை நிறுவனம்தான் தர வேண்டும் என்று 1970 ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொன்னதே. ஆள் விழுந்தால் மட்டும் அந்தப் பொறுப்பு எங்கே போகிறது?

4. பழைய பேட்டரிகளைக் கழற்றி வேலி ஓரத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஈயமும் அமிலமும் உள்ளவை. 2022 ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குப் போக வேண்டியவை.

5. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்கு மேல் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக்கூடாது. ஜெனரேட்டர் ஓடும் ராத்திரிகளில் நாங்கள் தூங்குவதில்லை. புகைக்குழாயும் ரேஷன் கடைக் கூரைக்குக் கீழேயே முடிகிறது. ஆனாலும் ஐயா, சத்தத்தையும் புகையையும்கூடப் பொறுத்துக்கொள்வோம். தண்ணீரை எப்படிப் பொறுப்பது?

6. யாரிடம் கேட்பது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. டவர் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். மேலே மாட்டியிருக்கும் ஆன்டெனாக்கள் வேறு கம்பெனிகளுடையவை. டீசல் ஒரு கான்ட்ராக்டர், பராமரிப்பு இன்னொரு கான்ட்ராக்டர். வேலியில் தொங்கும் போர்டில் உள்ள நம்பருக்கு அடித்தால் புகார் எண் ஒன்று வருகிறது. மறுநாள், தங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று மெசேஜ் வருகிறது. யார் வந்தார்கள்? என்ன தீர்த்தார்கள்? கிணற்றில் படலம் அப்படியே இருக்கிறது.

என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். பங்குச்சந்தையில் உள்ள முதல் 1000 பெரிய நிறுவனங்கள் சுற்றுச்சூழல், தொழிலாளர், சுற்றியுள்ள மக்கள் ஆகியவை பற்றி ஆண்டுதோறும் அறிக்கை கொடுக்க வேண்டும் என்று 2022-23 முதல் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு கட்டாயமாக்கியிருப்பதாக அவள்தான் சொன்னாள். பொதுமக்களிடம் இருந்து வந்த புகார் எத்தனை, தீராமல் நிற்பது எத்தனை என்று அதில் எழுத வேண்டுமாம். வேலையில் அடிபட்ட தொழிலாளர் கணக்கும் உண்டாம். எங்கள் கிணறு அதில் எந்தக் கணக்கில் வந்திருக்கும்? தீர்ந்தது என்ற கணக்கில்தானே? அந்தத் தம்பியின் ஒடிந்த கை எந்தக் கணக்கிலும் வந்திருக்காது.

டீசல் இல்லாமல் டவர் ஓடாது என்று சொல்கிறார்கள். 2012 ஜனவரியில் மத்திய தொலைத்தொடர்புத் துறையே, 2015க்குள் கிராமப்புற டவர்களில் 50 விழுக்காடும் 2020க்குள் 75 விழுக்காடும் மின்வாரிய மின்சாரத்தோடு சூரிய சக்தி, காற்று போன்றவற்றையும் சேர்த்து ஓட வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தக் கெடுவும் முடிந்து வருஷங்கள் ஆகின்றன. சோலார் செல் செய்கிற தொழிற்சாலை நம் மாவட்டத்திலேயே கங்கைகொண்டானில் இருக்கிறது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இந்த ஒரு டவருக்கு நாலு பலகை மாட்டவும், பேட்டரியை மாற்றவும் என்ன தடை?

ஐயா, கோபத்தில் ஏதாவது மரியாதைக் குறைவாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கோரிக்கை பெரிதில்லை. கிணற்றுத் தண்ணீரை எடுத்து, எண்ணெயையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். முடிவை எங்களுக்கும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். கிணற்றை இறைத்து, டீசல் ஊறிய மண்ணை அள்ளி அப்புறப்படுத்தும் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும். அது முடியும் வரை தினமும் தெருவுக்கு லாரித் தண்ணீர் வேண்டும். ஜெனரேட்டரைக் கிணற்றில் இருந்து தள்ளி, எண்ணெய் கசியாத தளத்தில் வைக்க வேண்டும். அந்தத் தம்பிக்கு வைத்தியச் செலவும், வேலை பார்க்கிற எல்லாருக்கும் பெல்ட், பம்ப், பி.எப்., இ.எஸ்.ஐ. ஆகியவையும் கிடைக்கத் தொழிலாளர் துறைக்கு எழுத வேண்டும். மாவட்ட நிர்வாக நடுவர் என்ற முறையில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152 ஆம் பிரிவின்படி பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் தங்களுக்கே இருக்கிறது.

கிணற்றைத்தான் கேட்கிறோம், ஐயா. மற்றவற்றில் முன்னே பின்னே ஆனாலும் கிணற்றை முதலில் பாருங்கள். கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன்பு அந்த மண்ணை அள்ளாவிட்டால் இந்த வருஷமும் டீசல் மேலே ஏறிவிடும்.

கடைசியாக ஒன்று. இந்த மனுவையும் "தகுந்த நடவடிக்கைக்காக" என்று எழுதி, முன்பு அனுப்பிய அதே அலுவலகத்துக்கே அனுப்பிவிட வேண்டாம் என்று தாழ்மையுடன் வேண்டுகிறோம். அங்கே இருந்துதான் பிளீச்சிங் பவுடர் வந்தது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கீழத்தெரு பொதுமக்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் தனித்தாளில்)

இணைப்பு: முந்தைய ஒப்புகைச் சீட்டுகளின் நகல்கள், கிணறு மற்றும் டவர் வளாகத்தின் புகைப்படங்கள், மூடி ஒட்டிய பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர்.