ஆற்றோடு நின்றுபோன கதை

அன்புள்ள சேது,

திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு. போனில் நீ கேட்டது இரண்டே பக்கம். "தாத்தாவோட ஆபீசரைப் பத்தி எழுதிக் குடுடா, பேத்தி ஸ்கூல்ல பேசணுமாம்" என்றாய். நாலு மாதம் ஆகிவிட்டது. பேத்தி பேசியும் முடித்திருப்பாள்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். கோமதிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது நான் ஒளித்துவைக்கிற மிக்சர் பொட்டலம்கூடத் தெரிகிறது. ஒட்டகம் ரிடையர் ஆன கையோடு மாடு வாங்கியிருக்கிறான். மாடு அவனைவிட விவரம் என்று ஊரில் பேச்சு. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தில்லன் சாப், தில்லன் சாப் என்று தாத்தா சொல்வாரே, அந்த குர்பக்ஷ் சிங் தில்லனைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பிறந்தது 1914ல், லாகூர்ப் பக்கம் ஆல்கோன் என்ற கிராமத்தில். பிரிட்டிஷ் பட்டாளத்தில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, டேராடூனில் படித்து 1940ல் ஆபீசர் ஆனவர். 14வது பஞ்சாப் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன். கேட்டாயா, பின்னால் ஐ.என்.ஏ.வை, அதாவது இந்திய தேசிய ராணுவத்தை, முதலில் அமைத்த மோகன் சிங்கும் அதே பட்டாலியன், அதில் சேர்ந்த ஷாநவாஸ் கானும் அதே பட்டாலியன். 1941 டிசம்பரில் மலாயாவின் ஜித்ராவில் ஜப்பான் டாங்கிகள் அந்தப் பட்டாலியனைச் சிதறடித்தன. அந்தச் சிதறலிலிருந்துதான் ஐ.என்.ஏ.வே முளைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. நம்பிப் போன ராஜ்ஜியம் சிங்கப்பூர்வரை ஓடி 1942 பிப்ரவரி 15ல் கையைத் தூக்கிவிட்டது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் இந்தியச் சிப்பாய்களை மட்டும் தனியாக நிறுத்தி ஜப்பான்காரனிடம் ஒப்படைத்தார்கள். அதற்கப்புறம் ராஜ விசுவாசம் எங்கிருந்து வரும்?

நடுவில் மோகன் சிங் கைதானது, முதல் ஐ.என்.ஏ. கலைந்தது, 1943 ஜூலையில் நேதாஜி வந்தது எல்லாம் உனக்கே தெரியும். நேதாஜி வந்தபின்தான் தோட்டத்து ஆட்கள் சேர்ந்தார்கள், தாத்தா உள்பட. அதுவரை கையில் பால்மரம் சீவுகிற கத்தி. அதற்கப்புறம் துப்பாக்கி.

இனிமேல்தான் ஆறு. தாத்தா பர்மா கதை சொன்னால் அது எப்போதும் ஐராவதிக் கரையோடு நின்றுவிடும், ஞாபகம் இருக்கிறதா? "விடிய ஆரம்பிச்சுது" என்பார், வெற்றிலையைத் துடைப்பார், "போங்கடா போய்ப் படிங்க" என்பார். நீயோ மறுநாள் பள்ளிக்கூடத்தில் தாத்தா பீரங்கி வெடித்ததாக அளப்பாய். அடேய், அவர்களிடம் பீரங்கியே கிடையாது!

இம்பால் தோல்விக்கப்புறம், 1944 கடைசியில், தில்லன் கையில் நேரு பிரிகேடைக் கொடுத்தார்கள். சுமார் 1,200 பேர். அடுத்த வருஷத் தொடக்கத்தில் பகானுக்கும் ந்யாங்குவுக்கும் அனுப்பி ஆற்றைக் காக்கச் சொன்னார்கள். பீரங்கி இல்லை, ஒயர்லெஸ் இல்லை, டாங்கியை நிறுத்த எதுவும் இல்லை. அக்கரையில் பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்லிம்மின் 7வது இந்திய டிவிஷன்.

பிப்ரவரி 14 விடிவதற்கு முன் ஒரு கம்பெனி சத்தமில்லாமல் துடுப்பு வலித்து வந்து இக்கரையில் ஏறிவிட்டது. பின்னால் வந்த மோட்டார் படகுகள்தான் மாட்டிக்கொண்டன. சில இன்ஜின்கள் கிளம்பவில்லை, நீரோட்டம் வேறு இழுத்தது, அதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது. கரையிலிருந்து இயந்திரத் துப்பாக்கி பொழிந்ததில் படகில் இருந்த சௌத் லங்காஷயர் பட்டாலியன் வெள்ளைக்காரர்கள் திரும்பிப் போனார்கள். தாத்தா சொன்ன "விடிய ஆரம்பிச்சுது" இதுதான் என்று தெரிந்தபோது புத்தகத்தை மூடிவிட்டு வாசலில் போய் நின்றேன்.

அப்புறம் அக்கரையிலிருந்து பீரங்கி, டாங்கி, மேலே விமானம். அடுத்து வந்த படகுகளில் இருந்தவர்கள் பஞ்சாபிகள். பகானில் இன்னும் விசேஷம். அங்கே ஆற்றைக் கடக்க வந்தது சீக்கியப் பட்டாலியன். குண்டு வந்ததும் அவர்களும் திரும்பினார்கள். கொஞ்ச நேரத்தில் இக்கரையிலிருந்து ஒரு படகு வெள்ளைக் கொடியோடு அவர்களை நோக்கிப் போனது. அன்றைக்கு நூற்றுக்கணக்கானோர் கையைத் தூக்கினார்கள். மிஞ்சியவர்களைத் திரட்டிக்கொண்டு தில்லன் போப்பா மலைக்குப் போனார்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், இந்தக் கடிதமே அதற்காகத்தான். 1979 முழுப் பரீட்சை லீவு. நூலகத்தில் எதிலோ ஒரு வரி படித்துவிட்டு நேரே உங்கள் திண்ணைக்கு வந்தேன். நீ கடைக்குப் போயிருந்தாய். "தாத்தா, ஆத்தங்கரையில எல்லாரும் கையத் தூக்கிட்டீங்களாமே, நீங்களுமா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே வேறு கேட்டேன். அவர் பாக்குவெட்டியை மடக்கி வைத்துவிட்டு உள்ளே போனார். ஒரு வாரம் திண்ணைக்கு வரவில்லை. நீ "தாத்தாவுக்குக் காய்ச்சல்டா" என்றாய். அதற்குப் பிறகு பர்மா என்ற வார்த்தையே அவர் வாயில் வந்ததில்லை. தியாகி பென்ஷனுக்கு மனுப் போடமாட்டேன் என்று அவர் அடம்பிடித்ததை உன் அப்பா ரோஷம் என்பார். எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

நாற்பத்தைந்து வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லை, கோமதியிடம்கூட.

இப்போது கணக்குப் போட்டுப் பார். மே 17ல் பெகு அருகே தில்லனும் ஷாநவாஸும் சரணடைந்தார்கள். ஆற்றங்கரைக்கும் பெகுவுக்கும் நடுவே மூன்றே மாதம். நவம்பர் 5ல் டெல்லி செங்கோட்டையில் விசாரணை, அவர்களுக்காக வக்கீல் பூலாபாய் தேசாய் வாதம், பல வருஷம் கழித்துக் கறுப்பு கவுன் மாட்டிய நேரு, தெருவெல்லாம் கூட்டம். ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. ஜனவரி 3ல் தலைமைத் தளபதி ஆச்சின்லெக் அதை ரத்து செய்தார். மே மாதம் கைதூக்கியவர்களைத் தோளில் தூக்கினோம். பிப்ரவரியில் தூக்கியவர்கள் ஊருக்கு வந்து திண்ணையில் வெற்றிலை துடைத்தார்கள். தாத்தா பிப்ரவரியா மேயா என்பது எனக்குத் தெரியாது. கேட்கிற உரிமையை அன்றைக்கே தொலைத்துவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த வழக்கில் தில்லன்மேல் கொலைக் குற்றச்சாட்டும் உண்டு. மார்ச் 6ல் போப்பாவில் எதிரியிடம் போக முயன்ற நாலு பேரைச் சுடவைத்தார் என்று. மரண தண்டனை விதித்தவர் அதே வழக்கில் நின்ற இன்னொரு ஐ.என்.ஏ. ஆபீசர் ஸெஹ்கல். தண்டனை விதித்தது உண்மை, ஆனால் வருத்தம் தெரிவித்ததால் மன்னித்துவிட்டோம், மற்றவர்களை மிரட்டத்தான் அந்தத் தீர்ப்பைப் பயன்படுத்தினோம் என்பது ஸெஹ்கலின் வாக்குமூலம். கொலைக் குற்றத்திலிருந்து தில்லனை விடுவித்தார்கள். நான் அவர் பக்கம்தான், ஆனாலும் அந்த நாலு பேர் பெயரைப் படிக்கும்போது ஏனோ தாத்தா முகம்தான் வருகிறது. பக்கத்தில் படுத்திருந்தவன் இரவோடு இரவாக எழுந்து போனால் அடுத்த நாள் துப்பாக்கியைத் தூக்க எவ்வளவு தெம்பு வேண்டும்? போகாமல் இருந்தவனுக்கு அது தெரியும். போனவனுக்கும் தெரியும்.

தில்லனுக்கு 1998ல் பத்மபூஷண் கொடுத்தார்கள், 2006ல் காலமானார். தாத்தா போனது உனக்குத் தெரியும்.

பேத்திக்கு எழுதிய இரண்டு பக்கத்தைத் தனியாக வைத்திருக்கிறேன். இந்த வருஷம் முடிந்துவிட்டால் அடுத்த ஆகஸ்டுக்கு ஆகும். ஆற்றைச் சேர்த்துவிட்டேன், வெள்ளைக் கொடியையும் சேர்த்துவிட்டேன். நாலு பேர் விஷயத்தை விட்டிருக்கிறேன், பன்னிரண்டு வயசுக்கு வேண்டாம் என்று. நீ சொன்னால் சேர்க்கிறேன்.

வைகாசியில் கல்யாணத்துக்கு வரும்போது இரண்டு நாள் தங்குகிறேன். பரணில் தாத்தாவின் தகரப் பெட்டி இன்னும் இருக்கிறதா? இருந்தால் நான் வரும்வரை திறக்காதே. கோபம் இருந்தால் அதையும் அதுவரை வைத்திரு, நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

உன்,
மணி