ஒழுகும் கேரவனைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், சாட்ஸ்வர்த், டர்பன்

பெறுநர்:
மேலாளர் அவர்கள், கேரவன் விற்பனை நிலையம், டர்பன்

பொருள்: நவம்பரில் வாங்கிய பழைய கேரவன், சுவரிலும் தரையிலும் நீர்க்கசிவு, முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்டல்

ஐயா,

கடந்த நவம்பரில் உங்களிடம் வாங்கிய கேரவன், காருக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தங்கும் அந்த வீட்டு வண்டி, இனி எங்களுக்கு வேண்டாம். வண்டியை எடுத்துக்கொண்டு, கொடுத்த பணம் முழுவதையும் தந்துவிடுங்கள். உங்கள் விற்பனையாளர் என் அம்மாவிடம் தமிழில் பேசித்தான் இதை விற்றார். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதியும் உடன் இருக்கிறது.

ஜனவரி மழையில் முன் ஜன்னலுக்குக் கீழே உள்ள இருக்கை மெத்தை நனைந்துபோனது. மெத்தையைத் தூக்கிப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். பிளைவுட் கருத்து, உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்து கிடந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் தேநீரில் ஊறிய ரஸ்க் மாதிரி உள்ளே போனது. மூலையில் பூஞ்சணம். ஆனால் அந்தச் சுவரின் மேல் ஒட்டியிருந்த வினைல் தாள் மட்டும் புத்தம் புதிது! ஒரு மழையில் மரம் இப்படி ஆகாது. பல மழைக்காலம் தண்ணீர் குடித்த மரம் அது. அந்தத் தாளை யார், எப்போது ஒட்டினார்கள் என்று எனக்கு எழுத்தில் பதில் வேண்டும். அம்மாவுக்கு ஆஸ்துமா இருக்கிறது. அவரை அந்தப் பூஞ்சண வாடையில் எப்படிப் படுக்க வைப்பது?

வண்டியை உங்கள் பட்டறையில் விட்டோம். ஜன்னலைக் கழற்றி, தண்ணீர் புகாமல் இடுக்கை அடைக்கும் பழைய சீலன்ட்டைச் சுரண்டி எடுத்து, அழுகிய மரத்தை மாற்றி, உள்ளே நன்றாகக் காயவிட்டு அல்லவா திரும்ப மூட்டியிருக்க வேண்டும்? நீங்கள் பழைய சீலன்ட்டின் மேலேயே வெள்ளை சிலிகானைப் பூசி அனுப்பினீர்கள். உள்ளே இருந்த ஈரம் உள்ளேயே நின்றுவிட்டது. மார்ச் மழையில் அதே மூலை மறுபடி ஒழுகியது. இப்போது தரையும் மிதித்தால் அமுங்குகிறது.

இதைச் சொன்னபோது ஒப்பந்தத்தில் உள்ள ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ வரியைக் காட்டினீர்கள், இருக்கிற நிலையிலேயே விற்றோம் என்று. தனியார் ஒருவர் தன் பழைய வண்டியை விற்றால் அந்தப் பேச்சு நிற்கலாம். விற்பதையே தொழிலாகச் செய்யும் உங்களுக்குத் தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்த வழியைக் கொடுக்கவில்லை. “முன்சுவர் அழுகியிருக்கிறது” என்று குறிப்பாகச் சொல்லி, அதை நான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருந்தால், அல்லது தெரிந்தே ஏற்றுக்கொண்ட விதமாக நடந்திருந்தால்தான் 55(6) பிரிவு உங்களுக்கு உதவும். அப்படி எதுவும் சொல்லப்படவில்லை. “வாங்கும்போது நீங்களே சுற்றிப் பார்த்தீர்களே” என்றும் சொன்னீர்கள். குறை மறைந்திருந்ததா, வெளியே தெரிந்ததா, வாங்குபவர் கண்டுபிடித்திருக்க முடியுமா என்பதெல்லாம் பொருட்டல்ல என்று 55(5) சொல்கிறது.

ரோட்வர்த்தி சான்றிதழை நீட்டியதும் சரியில்லை. பிரேக், விளக்கு, டயர், இழுவைக் கொக்கி இவற்றைப் பார்த்து வண்டி சாலையில் ஓடலாம் என்று சொல்லும் காகிதம் அது. சுவருக்குள் தண்ணீர் நிற்கிறதா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை.

என்னை மிகவும் வருத்தியது கடைசியாக நீங்கள் சொன்னதுதான்: “தயாரித்தவர்களிடம் போய்க் கேளுங்கள்.” பணத்தை வாங்கியது நீங்கள். 56ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர், இறக்குமதியாளர், விநியோகஸ்தர், சில்லறை விற்பனையாளர் எல்லோருமே பொருளின் தரத்துக்குப் பொறுப்பு. எங்கள் கையில் வண்டி வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்புவதா என்று சொல்லும் உரிமை வாங்கியவருக்கு. முதலில் பழுது பார்க்கச் சொன்னோம். பழுது பார்த்த மூன்று மாதத்துக்குள் அதே குறை திரும்ப வந்தால், மாற்றித் தரவேண்டும் அல்லது பணத்தைத் தரவேண்டும் என்று 56(3) முடித்துவைக்கிறது. இன்னொரு முறை சிலிகான் பூச வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று நேற்று உங்கள் பட்டறையிலிருந்து போன் வந்தது. அதற்கு நான் சம்மதிக்கவில்லை.

தெற்குக் கடற்கரையில் பேரப்பிள்ளைகளோடு விடுமுறையைக் கழிக்க வேண்டும் என்று அம்மா தன் சேமிப்பையும் சேர்த்துக் கொடுத்த பணம் இது. மீதிக்கு வங்கித் தவணை மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது. வண்டியோ வாசலில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது.

இந்த மாத இறுதிக்குள் விலை முழுவதையும் தந்து, வண்டியை உங்கள் செலவிலேயே எங்கள் வீட்டிலிருந்து எடுத்துச் செல்லுங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால் வாகனத் தொழில் பற்றிய புகார்களை விசாரிக்கும் மோட்டார் தொழில் ஒம்பட்ஸ்மனிடம் புகார் கொடுப்பேன். 2014இல் அரசிதழில் வந்த வாகனத் தொழில் நடத்தை விதி கேரவன் விற்பவர்களையும் கட்டுப்படுத்தும். அங்கும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

விற்பனை ஒப்பந்தம், உங்கள் பட்டறை ரசீது, ஜனவரியிலும் மார்ச்சிலும் எடுத்த படங்கள் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்திருக்கிறேன். அசல்கள் என்னிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்