குவெல்ஃபா, மக்கிலா? மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

விலங்குகளைப் பற்றிப் படிக்க ஒன்ராறியோவின் குவெல்ஃப், மொன்றியலின் மக்கில் என்ற இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்தும் இடம் வந்துவிட்டதென்று அக்கா சொன்னா. அத்தான் குவெல்ஃப் என்று பிடிவாதமாக நிற்கிறார், உனக்கு மொன்றியலில் கண். இதே கேள்வியோடு வேறு பிள்ளைகளும் என்னிடம் வந்திருக்கிறார்கள். அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, கோவிக்காதே.

முதலில் அத்தானின் கணக்கு. "குவெல்ஃபில மிருகவைத்தியக் கல்லூரி இருக்கு, அங்கயே படிச்சா உள்ள எடுப்பாங்கள்." ஸ்காபரோவில் இப்படி நம்பும் பெற்றோர் நிறையப் பேர். ஒன்ராறியோ மிருகவைத்தியக் கல்லூரி 1862இல் ரொறன்ரோவில் தொடங்கி, 1922இல் குவெல்ஃபுக்கு இடம் மாறியது. அங்கே சேர, குறைந்தது இரண்டு வருடம் முழுநேரமாகப் பட்டப்படிப்புப் படித்திருக்க வேண்டும். அவர்கள் கேட்கிற பாடங்களைச் செய்து, நல்ல புள்ளியும் எடுத்திருக்க வேண்டும். அந்த இரண்டு வருடத்தை எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தாய் என்பது பொருட்டில்லை. மக்கிலில் மிருகவைத்தியமே இல்லை. கியூபெக்கில் இருக்கிற ஒரே கல்லூரி மொன்றியல் பல்கலைக்கழகத்துடையது, சென்-யாசன்த் என்ற ஊரில், முழுக்கப் பிரெஞ்சில்.

ஆனால் நீ வைத்தியராக வரப்போவதில்லை என்றுதானே சொல்கிறாய்? மாடு ஏன் அப்படி நடந்துகொள்கிறது, எதைத் தின்றால் எப்படிப் பால் வருகிறது என்பதுதான் உன் ஆசை. (மாடு பார்க்கவா கனடா வந்தனாங்கள் என்று அம்மம்மா கேட்டது என் காதிலும் விழுந்தது. தீவன ஆலையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கும் அதே கேள்விதான் கிடைத்தது.) அப்படியென்றால் மிருகவைத்தியக் கல்லூரியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு இரண்டையும் பார்.

மக்கில் என்றதும் உன் மனதில் வருவது நகர நடுவிலுள்ள மலையடிவாரம். நீ படிக்கப்போவது அங்கே இல்லை, மக்கிலின் மக்டொனால்ட் வளாகத்தில். அது மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்-ஆன்-டி-பெல்வியூவில், ஏரிக்கரையில் இருக்கிறது. நகர மத்திக்கு 30 கிலோமீற்றர் வரும். புகையிலை வியாபாரத்தில் பணக்காரரான வில்லியம் மக்டொனால்ட் கொடுத்த காசில் எழுந்து 1907இல் திறக்கப்பட்டது. சிறிய வளாகம், பண்ணையும் அதற்குள்ளேயே. வகுப்பு முடிந்து மாட்டுக் கொட்டகைக்கு நடந்தே போகலாம். இதைக் குறைத்து மதிப்பிடாதே. குவெல்ஃபில் முதலாம் வருட இரசாயனவியலைப் பெரிய மண்டபத்தில், நூற்றுக்கணக்கானவர்களோடு இருந்து படிக்க நேரும்.

குவெல்ஃபின் பலம் எலோரா என்ற பக்கத்து ஊரில் இருக்கிறது. வளாகத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர், போய்வர வாகனம் வேண்டும். 2015இல் திறந்த பால் ஆராய்ச்சிப் பண்ணை அங்கே இருக்கிறது. மாடுகளை ஏற்றிச் சுற்றும் கறவை மேடையும் உண்டு, றோபோ கறவையும் உண்டு. விலங்கு நலத்துக்கென்றே காம்பெல் மையம் என்று ஒன்று பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. மாட்டின் நடத்தையைப் படிக்க விரும்புகிறவள் தேடிப் போகவேண்டிய இடம் அதுதான். வேலை என்று பார்த்தாலும், மாகாண விவசாய அமைச்சின் தலைமையகமும் மாடுகளுக்கான செயற்கைச் சினைப்படுத்தல் நிறுவனமான செமெக்ஸும் குவெல்ஃபிலேயே இருக்கின்றன. பால் பதிவுகளைப் பார்க்கும் லக்டானெற் என்ற அமைப்பு மட்டும் குவெல்ஃப், சென்-ஆன்-டி-பெல்வியூ இரண்டு ஊரிலும் கால் வைத்திருக்கிறது, ஏனென்றால் 2019இல் ஒன்ராறியோப் பக்கத்து அமைப்புகளும் கியூபெக் பக்கத்து அமைப்பும் சேர்ந்துதான் அது உருவானது.

காசு விஷயம். உன்னைப் போன்ற வெளிமாகாண மாணவர்களுக்கான வருடக் கட்டணத்தை 2024 இலையுதிர் காலத்திலிருந்து கியூபெக் அரசு ஏறத்தாழ 9,000 டொலரிலிருந்து 12,000க்கு உயர்த்தியது. 2025 ஏப்ரலில் நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. ஆகவே யாரோ சொன்ன தொகையை நம்பாமல், உனக்கு வந்த கடிதத்திலுள்ள தொகையை மட்டும் பார். காலத்தில் வித்தியாசமில்லை: சீஜெப் (அங்கே பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் வரும் கல்லூரி) முடித்து வரும் கியூபெக் பிள்ளைகளுக்கு மூன்று வருடம், உனக்கு இரண்டு இடத்திலும் நான்கு.

என்னைக் கேட்டால் குவெல்ஃப். ஆனால் அத்தான் சொல்கிற காரணத்துக்காக இல்லை. அங்கேயும் ஒன்றைக் கவனி: விலங்கு உயிரியல் பட்டம் வேறு, விவசாயப் பட்டத்துக்குள் வரும் விலங்கு விஞ்ஞானம் வேறு. மிருகவைத்தியக் கனவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதில் குவிவார்கள். உனக்கு இரண்டாவது. உனக்கு வந்த கடிதத்தில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டு எனக்குச் சொல்லு.

மனம் மாறாமல் மக்கில்தான் என்றால், பிரெஞ்சை இந்தக் கோடையிலேயே தொடங்கு. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், ஆனால் கோடை விடுமுறைக்கு வேலை கேட்டுப் போகிற பண்ணைக்காரர் உன்னோடு ஆங்கிலத்தில் கதைக்கமாட்டார். எதை எடுத்தாலும் அத்தானோடு நான் கதைக்கிறேன்.

அன்புடன்,
மாமா