தாமிரபரணி முகாம்: இந்த ஆண்டு வாய்க்காலை அளக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டு நலப்பணித் திட்ட அலகுகள் ஆண்டுத் திட்டம் எழுதும்போது, நெல்லை, தூத்துக்குடி மாவட்டக் கல்லூரிகளில் தாமிரபரணித் தூய்மைப் பணிக்குத் தவறாமல் ஓர் இடம் உண்டு. பாபநாசத்திலோ குறுக்குத்துறையிலோ ஒரு நாள் ஆற்றில் இறங்குவார்கள். பரிகாரம் என்று விட்டுப்போன துணிகளை இழுத்துக் கரையில் போட்டு, எடை பார்த்து, படம் எடுத்து அனுப்புவார்கள். அந்த வேலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை (ஈரத்துணியை மணலோடு நிறுத்து டன் கணக்குச் சொல்வதை மட்டும் விட்டுவிடலாம்). ஆனால் எவ்வளவு துணி எடுத்தாலும் கழிவுநீர் வாய்க்கால் ஒன்றுகூட நிற்கப் போவதில்லை.

ஓர் அலகில் 100 மாணவர்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை. மொத்தம் 12,000 மணி. 7 நாள் சிறப்பு முகாம் இதில் சேராது. ஓர் ஆற்றை ஆண்டு முழுவதும் கண்காணிக்க இத்தனை ஆள்பலம் எந்தத் துறையிடமும் இல்லை.

கழிவுநீரை எங்கே அளப்பது என்பதில்தான் முதல் சறுக்கல். பொதிகையில் இறங்கிப் புன்னைக்காயலில் கடல் சேரும்வரை தாமிரபரணிக்குக் குறுக்கே கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள். அரியநாயகிபுரத்தில் கோடகன் கால்வாய், பழவூரில் பாளையங்கால்வாய், சுத்தமல்லியில் திருநெல்வேலிக் கால்வாய் பிரிகின்றன. நகரச் சாக்கடையில் ஒரு பகுதி நேரே ஆற்றுக்கு வராமல் இந்தக் கால்வாய்களில் விழுந்து வயலுக்கும் குளத்துக்கும் போகிறது. படித்துறையில் மட்டும் ஒரு புட்டி மொண்டுவந்தால் இது கண்ணிலேயே படாது. எனவே ஒவ்வொரு கல்லூரியும் ஏதாவது ஒரு வாய்க்காலைத் தேர்ந்துகொண்டு, அது தொடங்கும் தெருவிலிருந்து சேரும் இடம்வரை நடந்து வரைபடம் போடட்டும்.

ஆற்றோரம் மாதிரி எடுப்பதென்றால் வாய்க்கால் சேருமிடத்துக்கு மேலே ஒன்று, வாய்க்கால் விழும் முனையில் ஒன்று, கீழே மூன்று. கீழே ஏன் மூன்று? சேர்ந்த கழிவுநீர் உடனே கலந்துவிடாது. கரையை ஒட்டியே வெகுதூரம் ஓடும். எதிர்க்கரையில் எடுத்த நீர் நல்ல நீராகவே தெரியும். இரு கரையிலும் நடுவிலுமாக எடுத்தால்தான் உண்மை நிலவரம் பிடிபடும்.

நேரமும் முக்கியம். நண்பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடுவதால் அழுக்கு நீரிலும் கரைந்த ஆக்சிஜன் நல்ல எண் காட்டும். 30 டிகிரியில் நீர் இயல்பாகப் பிடித்துவைக்கும் ஆக்சிஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். குறிப்பேட்டில் 11 என்றிருந்தால் ஒன்று பாசி, இல்லையென்றால் புட்டிக்குள் காற்றுக்குமிழி. ஆற்றுமாதிரியைக் காலை 7 மணிக்குள் எடுப்பது நல்லது. வாய்க்காலுக்கு ஒரு வேளை போதாது. வீடுகளில் குளியலும் துவையலும் நடக்கும் காலை நேரத்தில் பெருகி, பிற்பகலில் இளைக்கும்; எனவே 6, 10, 2, 6 என நான்கு வேளை.

கரைந்த ஆக்சிஜனுக்கு 300 மி.லி. புட்டியைக் குமிழி இல்லாமல் நிரப்பி, மாங்கனீஸ் சல்ஃபேட் 2 மி.லி., காரம்-அயோடைடு-அசைடு 2 மி.லி. ஆகியவற்றைப் பிப்பெட் நுனி நீருக்குள் இருக்கும்படி விட வேண்டும். பழுப்பாகப் படிந்தால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே நின்றால் இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். அடர் கந்தக அமிலத்தை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோக வேண்டாம். அன்றைக்கே ஆய்வகத்தில் 2 மி.லி. சேர்த்து, 203 மி.லி. அளந்து 0.025 நார்மல் தயோசல்ஃபேட்டால் டைட்ரேஷன் செய்தால் (நிறம் மறையும்வரை சொட்டுச் சொட்டாக விட்டால்), செலவாகும் ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்சிஜன். தனிக் கணக்குத் தேவையில்லை.

பி.ஓ.டி.யில்தான், அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவில்தான் (இதுவும் லிட்டருக்கு மில்லிகிராமில்), மாணவர் அறிக்கைகள் அதிகம் கெடுகின்றன. சாக்கடை நீரை நீர்க்காமல் அப்படியே புட்டியில் அடைத்தால் இருக்கிற ஆக்சிஜன் முதல் நாளே தீர்ந்துபோகும். விடை 5, 6 என்று வரும். சாக்கடைக்கு பி.ஓ.டி. 6 என்றால் அது சாக்கடையே அல்ல! புட்டிக்கு 5, 10, 20 மி.லி. சாக்கடை நீர் என மூன்று அளவில் நீர்த்து, 27 டிகிரியில் 3 நாள் வைக்க வேண்டும். ஆக்சிஜன் குறைந்தபட்சம் 2 குறைந்து, மிச்சம் 1க்குக் கீழே போகாத புட்டிதான் கணக்கில் சேரும். மாதிரி கல்லூரிக்கு வரும்வரை ஐஸ் பெட்டியில் இருக்கட்டும்.

அடர்த்தி மட்டும் போதாது, ஓட்டமும் வேண்டும். வாய்க்கால் நேராக ஓடும் 10 மீட்டரில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டு நேரம் பார்த்து, வேகத்தை 0.85ஆல் பெருக்கி, அகலம், சராசரி ஆழத்தோடு பெருக்கினால் ஓட்டம் கிடைக்கும். நொடிக்கு 10 லிட்டர் ஓடும் வாய்க்காலில் பி.ஓ.டி. 100 என்றால் நாளொன்றுக்கு 86.4 கிலோ சுமை ஆற்றில் விழுகிறது. அலுவலகத்தில் எடுபடும் எண் இதுதான். குளிக்கும் நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் அளவு: ஆக்சிஜன் 5க்குக் குறையக் கூடாது, பி.ஓ.டி. 3ஐத் தாண்டக் கூடாது.

ஆண்டுக்கு நான்கு சுற்று போதும். கால்வாய் அடைத்திருக்கும் மே மாதத்தில் ஓடுவது பெரும்பாலும் கழிவுநீர்தான், அப்போது ஒன்று. கார் நெல் பருவத்தில் ஒன்று. வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது ஒன்று. பிசான நெல் பருவம் முடியும்போது ஒன்று.

இனி இந்த எண்களை வைத்து என்ன செய்வது? 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்லும் முறைப்படி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர் எடுத்து, முத்திரையிட்டு அனுப்பும் மாதிரிதான் நீதிமன்றத்தில் சான்று. மாணவர் எடுத்தது செல்லாது. ஆனால் அந்த அலுவலர் எந்த இடத்துக்கு, எந்த நேரத்தில் வர வேண்டும் என்று காட்ட அது போதும். மனுவும் உரிய இடத்துக்குப் போக வேண்டும்: கால்வாய் நீர்வளத்துறைக்கு, தெருச் சாக்கடை உள்ளாட்சிக்கு, ஆலைக்கழிவு வாரியத்துக்கு. மூன்றையும் ஒரே தாளில் எழுதி ஆட்சியரிடம் கொடுத்தால் அது மூன்று மேசையையும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஊராட்சிப் பகுதியானால் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராமசபை இருக்கிறது. கூட்டப்பொருளில் சேர்க்க முன்கூட்டியே ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். “ஆற்றைக் காப்போம்” என்ற தீர்மானத்தால் ஒரு செங்கல்கூட நகராது. எந்த வாய்க்கால், எந்த சர்வே எண், நாளொன்றுக்கு எத்தனை கிலோ, என்ன வேலை, எந்த நிதி என்று இருக்கட்டும். உறிஞ்சுகுழி கேட்பதாக இருந்தால் ஒரு விஷயம் பார்க்க வேண்டும்: நெல்வயல் சூழ்ந்த கரையோர ஊர்களில் பிசானத்தில் நிலத்தடி நீர் மேலே வந்து குழி நிரம்பி வழியும். குழியின் அடி, அந்தப் பருவ நீர்மட்டத்துக்கு 2 மீட்டராவது மேலே நிற்காத இடத்தில் நாணல் வடிகட்டிப் படுகை கேட்பதே மேல்.

மாணவர்கள் இரண்டு ஆண்டில் போய்விடுவார்கள். குறிப்பேடும் அவர்களோடு போய்விடுகிறது. மாதிரி எடுக்கும் இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு ஒரே பதிவேடு கல்லூரி நூலகத்தில் இருக்கட்டும். ஒரு நகல் ஊராட்சி அலுவலகத்தில். முகாம் அறிக்கையை மதிப்பிடும் பல்கலைக்கழகங்கள் புகைப்பட இணைப்பைக் கேட்பதற்குப் பதில் இந்தப் பதிவேட்டின் நகலையும், மனுவுக்குக் கிடைத்த ஒப்புகைச் சீட்டையும் கேட்டால், அடுத்த முகாமிலிருந்தே வேலை மாறும்.

இப்படிக்கு,
நீர் ஆய்வகப் பயிற்றுநர்கள் சிலர்,
திருநெல்வேலி