ஏழு பேரையும் பெயர் சொல்லி அழைத்தவர்களுக்கு

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவிலும் அடுத்தடுத்த தெருக்களிலும் வாழ்கிற பெரியோர்களுக்கும், அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், ஏற்காட்டு மலைப்பாதையில் எங்களைச் சுமந்து சென்றவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் கடைக்குட்டி இந்த ஆண்டு அரசுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். பள்ளிக்கூடப் பைகளை மாட்டுவதற்காகச் சுவரில் அடித்திருந்த ஏழு ஆணிகளும் இப்போது காலியாக இருக்கின்றன. பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் யாரிடமும் நின்று நிதானமாக நன்றி சொல்ல எனக்கு வாய்த்ததில்லை. ஒருவரிடம் பேசத் தொடங்கும்போதே இடுப்பில் ஒன்று அழும், முந்தானையைப் பிடித்து இன்னொன்று இழுக்கும். இப்போது நேரம் இருக்கிறது. என் கணவர் சார்பிலும் சேர்த்து எழுதுகிறேன். அவரிடம் எழுதச் சொன்னால், தறியில் உட்கார்ந்தபடியே "எல்லாருக்கும் நன்றி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

ஐந்து பெண்கள், இரண்டு பையன்கள். நடுவில் பிறந்த இருவர் இரட்டைப் பெண்கள். எங்கே போனாலும், "ஏழில் இது எத்தனையாவது?" என்று கேட்பவர்களே அதிகம். உறவினர் சிலர் கல்யாண வீடுகளில் எங்கள் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து எண்ணிப் பார்த்துச் சிரித்ததும் உண்டு. ஆனால் இந்த மடலில் நான் நினைத்துப் பார்க்கிற ஒவ்வொருவரும் எங்கள் பிள்ளைகளைக் கூட்டமாகப் பார்க்காமல், ஒவ்வொருவரையும் தனித்தனியே அறிந்து வைத்திருந்தவர்கள். எங்களுக்குக் கிடைத்த பெரிய உதவி அதுதான் என்று நான் கருதுகிறேன்; அரிசியும் பருப்பும் கொடுத்து உதவியதுகூட அதற்கு அடுத்ததுதான்.

முதல் நன்றி பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு. மூத்தவள் பிறந்தது 1992-ஆம் ஆண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுப்பதற்காக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை இந்தச் சேலம் மாவட்டத்தில் தொடங்கியதும் அதே ஆண்டுதான். வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று அரசே கேட்க வேண்டியிருந்த காலம் அது. குழந்தையைப் பார்க்க வந்த தூரத்து உறவுக்காரப் பெண்மணி ஒருவர், விளையாட்டாகச் சொல்வதுபோல அந்தத் தொட்டிலைப் பற்றிப் பேச்செடுத்தார். பாட்டி ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்த் தம் வீட்டுப் பரணிலிருந்த மரத்தொட்டிலை இரண்டு ஆட்களை விட்டு இறக்கி, எங்கள் வீட்டு உத்திரத்தில் மாட்டச் சொல்லிவிட்டு, "தொட்டில் இங்கேயே இருக்குதும்மா, நீ காப்பி குடிச்சிட்டுக் கிளம்பு" என்றார். ஐந்தாவது பெண் பிறந்தபோது, "அஞ்சு பொண்ணு பெத்தா அரசனும் ஆண்டி" என்று பழமொழி சொன்னவர்களுக்கும் பாட்டி பதில் வைத்திருந்தார்: "இங்க அரசன் யாரு இருக்கான், ஆண்டியாகறதுக்கு?"

அந்தத் தொட்டிலில் ஏழு பேரும் தூங்கினார்கள். அது தறிக்கு நான்கடி தள்ளித் தொங்கியது. ஊடைநூலைச் சுமந்துகொண்டு தறியின் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற சத்தத்தில்தான் எங்கள் பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும். சத்தம் நின்றால் விழித்துக்கொள்வார்கள். மற்ற வீடுகளில் குழந்தை தூங்குகிறது, சத்தம் போடாதீர்கள் என்பார்கள். எங்கள் வீட்டில் குழந்தை தூங்குகிறது, தறியை நிறுத்தாதீர்கள் என்போம். என் கணவர் சாப்பிட எழும்போது எதிர்வீட்டுத் தம்பி வந்து உட்கார்ந்து அந்தக் கால்மணி நேரம் நெய்து கொடுப்பார். தம்பி நெய்த இடம் மட்டும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும் என்று என் கணவர் இன்றும் சொல்கிறார். அந்த இறுக்கத்துக்கும் சேர்த்தே நன்றி, தம்பி.

நாங்கள் நெய்தது சேலத்து வெண்பட்டு வேட்டி. வெள்ளை வெளேர் என்ற பட்டும், வைகாசி மாதமும், மாம்பழமும், ஏழு பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் என்ன ஆகும் என்பதை நெசவாளர் வீட்டார் எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு விரல் பட்டால் போதும், அந்த வேட்டிக்குக் கூலி கிடைக்காது. இதற்கும் பாட்டிதான் வழி கண்டார். மாம்பழம் எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்று சட்டம் போட்டார். மல்கோவாவோ குண்டோ, எது வந்தாலும் நேராக அவர் வீட்டுப் புறக்கடைக்குப் போகும். பிள்ளைகள் சட்டையைக் கழற்றித் துணி துவைக்கிற கல்லைச் சுற்றி உட்காருவார்கள். தின்று முடித்ததும் பாட்டி ஒவ்வொருவர் தலையிலும் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, கைகளை முகர்ந்து பார்த்த பிறகே வெளியே விடுவார். கொட்டை யாருக்கு என்ற சண்டைதான் பெரிய சண்டை. நேற்றுக் கொட்டை சப்பியவர் யார், முந்தாநாள் யார் என்பதெல்லாம் பாட்டிக்கு மனப்பாடம். எழுதப் படிக்கத் தெரியாத அவர் அந்தக் கணக்கில் தவறியதை நான் பார்த்ததில்லை. அவர் காலமான ஆண்டு மாம்பழப் பருவத்தில் எங்கள் பிள்ளைகள் தாங்களாகவே சட்டையைக் கழற்றிக்கொண்டு அந்தக் கல்லருகே போய் உட்கார்ந்தார்கள். அவருடைய மருமகள், என் அருமைத் தோழி, ஒன்றும் கேட்காமல் சொம்பை எடுத்து வந்தார்.

நகர்நல மையத்துச் செவிலியர் அம்மாவுக்கு இரட்டையர் சார்பில் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். போலியோ சொட்டு மருந்து முகாம்கள் 1995 முதல் நாடெங்கும் நடந்தன. சொட்டு மருந்து போட்ட பிள்ளைக்கு அடையாளமாகச் சுண்டுவிரலில் மை வைப்பார்கள். இரட்டையரில் மூத்தவளுக்கு அந்த மருந்தைக் கண்டால் பயம், இளையவளுக்கு அந்த மையின் மேல் ஆசை. ஆகவே இளையவள் தன் முறையை முடித்துக்கொண்டு, விரலை அக்காவின் பாவாடையில் துடைத்துவிட்டு, அக்கா பெயரைச் சொல்லி மறுபடியும் வாயைத் திறந்தாள். அந்த அம்மா ஒரு கணம் பார்த்தார். "நீ அழாம வாயத் திறக்கறே, அப்ப நீ சின்னவதான், கட்டிலுக்கடியில ஒளிஞ்சிருக்கிற உங்கக்காவக் கூட்டிட்டு வா" என்றார். பெற்ற தகப்பனே இவர்களைப் பின்பக்கமிருந்து பார்த்தால் மாற்றிக் கூப்பிடுவார். இந்தியாவில் போலியோ ஒழிந்துவிட்டது என்று 2014-இல் செய்தி வந்தபோது, அப்படி வீடு வீடாக வந்து கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தவர்களைத்தான் நான் நினைத்துக்கொண்டேன்.

தையற்காரர் அண்ணனைப் பற்றி எழுதினால் நீண்டுவிடும், ஆனாலும் எழுதத்தான் போகிறேன். பெண்களின் பாவாடைகளில் அவர் துணியை மடித்து வைத்துத் தைத்த டக்குகள் மூன்று வரிசை இருக்கும். ஆண்டுக்கு ஒரு வரிசையைப் பிரித்துவிட்டால் பாவாடை இறங்கும். கடைசி வரிசையும் பிரிந்ததும் அது அடுத்தவளுக்குப் போகும். அவர் மறுபடி டக் வைத்துக் கொடுப்பார். ஒரே பாவாடை மூத்தவளிடம் தொடங்கிக் கடைக்குட்டி வரை வந்ததுண்டு. இதற்குக் கூலி கேட்டால், "இது தையல் இல்லைம்மா, பிரிக்கிற வேலை, பிரிக்கிறதுக்கு யாராச்சும் காசு வாங்குவாங்களா?" என்பார். பிரித்ததற்குச் சரி, திரும்பத் தைத்ததற்கு? அதை அவர் சொல்லவே இல்லை.

ஆடித் திருவிழாவுக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போது, கூட்டத்தில் பிள்ளைகள் தவறிப்போகாமல் இருக்க ஒரே துணியில் ஏழு பேருக்கும் உடுப்புத் தைத்துக் கொடுப்பது அவர் யோசனை. ஆரஞ்சுப் பூப்போட்ட அந்தத் துணியில் பையன்களுக்குச் சட்டை, பெண்களுக்குப் பாவாடை சட்டை. ஓர் ஆண்டு, கூட்டத்தில் நின்ற தொண்டர் ஒருவர் எட்டாவதாக ஒரு பையனையும் எங்கள் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டார். அண்ணன் மிச்சத் துணியில் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கும் சட்டை தைத்துக் கொடுத்திருந்தது எங்களுக்குத் தெரியாது. "இவன் எங்க பையன் இல்லை" என்று நாங்கள் சொன்னபோது, அந்தத் தொண்டர் என்னை மேலும் கீழும் பார்த்து, "நல்லா எண்ணிப் பாருங்கம்மா" என்றார். அந்தப் பையனோ எங்களோடு உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டு, தன் அம்மா தேடி வந்த பிறகும் எழுந்திருக்க மறுத்தான். அந்த அம்மாவும் நானும் இன்றும் ஆடி மாதத்தில் சந்தித்துக்கொள்கிறோம்.

பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயாவுக்கு நன்றி. 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் எங்களைப் போன்ற வீடுகளின் பகல் அடுப்புக்கு என்ன செய்தது என்பது ஊரறிந்தது. நான் சொல்ல வந்தது ஒரு முட்டையைப் பற்றி. பெரிய பையன் முட்டை போடுகிற நாளில் அதைத் தின்னாமல், வீட்டில் இருக்கிற தங்கைக்காகக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவான். வீடு வந்து சேரும்போது அது முட்டையாக இருக்காது. ஆயா அதைக் கண்டுபிடித்தார், ஆனால் திட்டவில்லை. பாதியை அங்கேயே தின்ன வைத்து, மீதிப் பாதியை வாழையிலைத் துண்டில் பொதிந்து அவன் கையில் கொடுத்தனுப்பினார். தங்கைக்குப் பங்கு போயிற்று, பையனுக்கும் வயிற்றில் ஏதோ சேர்ந்தது, எனக்கும் கால்சட்டை துவைக்கிற வேலை மிச்சம்.

தலைமையாசிரியை அம்மாவுக்கு நான் கடன்பட்டிருப்பது சொல்லில் அடங்காது. இரண்டாமவள் பத்தாம் வகுப்போடு நின்று, நாடாவுக்குள் வைக்கிற நூல்சுருளான தார் சுற்ற உட்காரட்டும் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, அவர் மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, தார் சுற்றுகிற இராட்டினத்தின் முன்னால் தாமே உட்கார்ந்து, "இவளுக்குப் பதிலா நான் சுத்தறேன், நாளைக்கு அவள அனுப்புங்க" என்றார். அவர் சுற்றிய தார் ஒன்றுகூடத் தேறவில்லை. பெண் மறுநாள் பள்ளிக்கூடம் போனாள். இன்று அவள் செவிலியர்.

தண்ணீர் வருகிற நாளில் எங்கள் குடங்களுக்கு வரிசையில் இடம் பிடித்து வைத்தவர்களுக்கும், நியாயவிலைக் கடையில் மண்ணெண்ணெய் வந்ததும் ஆளனுப்பிச் சொன்னவருக்கும் நன்றி.

கோடை விடுமுறையில் பிள்ளைகள் ஏற்காட்டுக்குப் போவார்கள். காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் நாத்தனார் ஏழு பேரையும் ஒரே கம்பளிக்குள் தூங்க வைத்து, திரும்பும்போது மிளகும் ஒரு முழுப் பலாப்பழமும் கொடுத்தனுப்புவார். அவருக்கு நான் நேரிலேயே சொல்லிக்கொள்வேன். இங்கே நன்றி, அந்தப் பேருந்தின் நடத்துநர் ஐயாவுக்கு. அந்த நாளில் மூன்று வயது நிரம்பினால் அரை டிக்கெட். யாருக்கு என்ன வயது என்று அவர் கேட்டால், என் கணவர் விரலை மடக்கி, இவள் வேட்டியில் மயில்கரை நெய்தபோது பிறந்தவள், இவன் கூலி உயர்ந்த ஆண்டில் பிறந்தவன் என்று கணக்குப் போடுவார். அவர் முடிக்கும்வரை ஐயா விசிலை வாயில் வைத்தபடி காத்திருப்பார். டிக்கெட் தேவைப்படாத கடைக்குட்டியோ, எல்லார் கையிலும் இருக்கிற காகிதம் தன் கையில் இல்லையே என்று, "எனக்கு அஞ்சு வயசு" என்று சாதித்து அழுதாள். ஐயா பழைய கட்டின் அடிக்கட்டை ஒன்றைக் கிழித்து, முறைப்படி அவளிடம் நீட்டி, "பத்திரமா வெச்சிக்கணும், செக்கர் வருவார்" என்றார். ஏற்காடு வரும்வரை அவள் அந்தக் கையைத் திறக்கவில்லை.

அந்த மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பெரிய பையனுக்கு ஏழாவது வளைவில் குமட்டும், இரட்டையரில் இளையவளுக்குப் பதினொன்றில், மூத்தவளுக்கு அவளைப் பார்த்த மாத்திரத்தில். ஓரிரு கோடைகளுக்குள் ஐயா இதை அறிந்துகொண்டார். "ஆறு தாண்டியாச்சு, தம்பிய ஜன்னலுக்கு விடுங்க" என்று முன்னாலிருந்து குரல் கொடுப்பார். எலுமிச்சம்பழம் ஒன்றைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார். ஓய்வு பெற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நல்ல உடல்நலத்தோடு இருக்க வேண்டும்.

தெருமுனைத் தட்டுவடைக் கடைக்காரருக்கு நன்றி. தட்டுவடைகளுக்கு நடுவே காயும் சட்னியும் வைத்துத் தருவதைச் செட் என்போம்; ஏழு பேருக்கு ஏழு செட் வாங்க எங்களுக்குக் கட்டாது என்பதை அறிந்து, உடைந்த தட்டுவடைகளைச் சேர்த்து வைத்து, துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் சட்னியும் கலந்து நொறுக்கலாக ஒரே தட்டில் தருவார். நொறுக்கலை எண்ண முடியாது, ஆகையால் சண்டையும் இல்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சென்ற பெண்களுக்குக் கிடைக்கும் புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் கடைக்குட்டிக்கு முதல் மாதம் வந்ததும், அவள் நேராக அந்தக் கடைக்குப் போய் ஏழு முழு செட் வாங்கி வந்தாள். வீட்டில் அன்று இருந்தது நாங்கள் மூன்று பேர். மிச்சத்தைத் தெருவில் கொடுத்தோம். சாப்பிட்டவர்களுக்கு இப்போது காரணம் தெரிந்திருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இத்தனை ஆண்டுகளில் நீங்கள் குழம்பும் பலகாரமும் கொடுத்தனுப்பிய பாத்திரங்கள் எங்கள் வீட்டில் ஒரு பரண் நிறைய இருக்கின்றன. பிள்ளைகள் மாற்றி மாற்றித் திருப்பிக் கொடுத்ததில் எது யாருடையது என்று தெரியவில்லை. பெயர் வெட்டிய சம்புடங்கள், இரண்டு பித்தளைத் தூக்குகள், மூடி மட்டும் உள்ள ஓர் எவர்சில்வர் டப்பா, அடியில் "இராதாவின் சீர்" என்று வெட்டிய ஒரு கிண்ணம் ஆகியவற்றைத் துலக்கி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வந்து அடையாளம் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் பாத்திரமாகக் கொடுக்கிற வழக்கம் இல்லை என்பதால் அதிரசம் சுடுகிறேன். எண்ணிக்கை தெரிய வேண்டும், வருகிறவர்கள் முதல்நாளே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவும்.

இப்படிக்கு,
ஏழு பேரின் அம்மா,
அம்மாப்பேட்டை, சேலம்.