நேவிகேஷனில் சிக்னல் போனால் செட்டை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். காரோடு வந்த நேவிகேஷன் சாட்டிலைட்டைப் பிடிக்கவில்லை என்று நம் கடைக்கு வருகிறவர்களில் பலர், "செட்டே போச்சு, புதுசு போட்டுடுங்க" என்று வேறு எங்கோ சொல்லக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். டேஷ்போர்டில் ஸ்கிரீனோடு இருக்கும் கம்பெனி செட்டைக் கழற்றி வேறு செட் போடுவது சின்ன வேலை இல்லை. ஸ்டீயரிங் பட்டன், ரிவர்ஸ் கேமரா எல்லாம் அதோடுதான் இணைந்திருக்கின்றன. அதைத் தொட்டால் ஒவ்வொன்றாகத் தொட வேண்டிவரும், செலவும் ஏறும். எங்கள் அனுபவத்தில் சிக்னல் கோளாறு பெரும்பாலும் செட்டுக்குள் இருப்பதில்லை. கூரைக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில்தான் எங்கோ இருக்கிறது. உங்கள் காசு வீணாகக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில், இது சிக்னல் கோளாறுதானா என்று பாருங்கள். ஸ்கிரீனில் மேப்பே வரவில்லை, எஸ்டி கார்டு போடச் சொல்லிக் கேட்கிறது என்றால் அது கார்டின் பிரச்சினை. சாட்டிலைட் மேப் எதையும் அனுப்புவதில்லை. இப்போது மணி என்ன, வானத்தில் அந்த சாட்டிலைட் எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். மேப் காருக்குள்ளேயே கார்டிலோ செட்டின் நினைவகத்திலோ இருக்கிறது. மேப் சரியாகத் தெரிந்து, அம்புக்குறி மட்டும் நேற்று நிறுத்திய இடத்திலேயே நிற்கிறது, அல்லது ரோட்டை விட்டு வயல்காட்டில் ஓடுகிறது என்றால் அப்போதுதான் சிக்னலைச் சந்தேகப்பட வேண்டும்.

ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் நம் கூரையைத் தொடும்போது மிக மிக மெலிந்துபோயிருக்கும். இடத்தைச் சரியாகக் கணக்கிட ஒரே நேரத்தில் குறைந்தது நான்கு சாட்டிலைட்டாவது பிடிபட வேண்டும். அதனால் ஆன்டெனாவுக்குள்ளேயே சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் வைத்திருக்கிறார்கள். அதற்கான கரண்டும் சிக்னல் வருகிற அதே ஒயர் வழியாகத்தான் செட்டிலிருந்து போகிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. காரை மரம், கட்டடம் இல்லாத வெட்டவெளியில் நிறுத்தி, செட்டை ஆன் செய்து கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். அடுக்குமாடி பேஸ்மென்ட்டிலும் தகரக் கொட்டகைக்குள்ளும் வைத்துப் பார்த்துவிட்டு சிக்னல் இல்லை என்றால் அதில் அர்த்தமில்லை. பேட்டரி கழற்றி மாட்டிய பிறகோ, வண்டி பல வாரம் ஓடாமல் நின்ற பிறகோ செட் எல்லாவற்றையும் புதிதாகத் தேட வேண்டியிருக்கலாம். சாட்டிலைட்டுகளின் முழு அட்டவணையும் ஒரு தடவை ஒலிபரப்பாகி முடியவே 12.5 நிமிடம் ஆகும். பொறுமைதான் அங்கே மருந்து. மழையும் மேகமும் இதைப் பெரிதாகப் பாதிக்காது, அதனால் வானத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

காத்திருக்கும்போது செட்டிங்ஸில் ஜிபிஎஸ் விவரப் பக்கம் இருந்தால் அதைத் திறந்து வையுங்கள். எத்தனை சாட்டிலைட் பிடித்திருக்கிறது என்று காட்டும். கால் மணி நேரம் கழித்தும் பூஜ்யம்தான் என்றால் பெரும்பாலும் ஆன்டெனா, ஒயர், கனெக்டர் இவற்றில் ஒன்று போயிருக்கிறது. இரண்டு, மூன்று என்று வந்து வந்து போனால், ஏதோ மறைக்கிறது அல்லது ஏதோ இரைச்சல் போடுகிறது.

இந்த இரைச்சல் விஷயத்தைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் யாரும் இதைச் சந்தேகப்படுவதில்லை. மலிவான டேஷ்கேம், லைட்டர் சாக்கெட்டில் குத்துகிற யுஎஸ்பி சார்ஜர் இவையெல்லாம் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும்போது ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். தரமான பொருளில் அதை அடக்கியிருப்பார்கள். மலிவானதில் அது அப்படியே வெளியே கசிந்து ஜிபிஎஸ் சிக்னலை மூழ்கடித்துவிடும். டேஷ்கேம் போட்ட வாரத்திலிருந்துதான் தொல்லை என்றால் காரணம் கிட்டத்தட்ட தெரிந்துவிட்டது. சாக்கெட்டில் இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு, டேஷ்கேம் ஒயரையும் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். எண்ணிக்கை மளமளவென்று ஏறினால் எங்களிடம் வரவே வேண்டாம், சார்ஜரை மட்டும் மாற்றுங்கள்.

மறைப்பது பெரும்பாலும் சன் ஃபிலிம். சில கார்களில் ஆன்டெனா கூரையில் இருக்காது, டேஷ்போர்டுக்கு அடியில் கண்ணாடியைப் பார்த்தபடி இருக்கும். முன் கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள ஃபிலிம் ஒட்டினால் அது சிக்னலைத் தடுக்கும். டோல்கேட்டில் ஃபாஸ்டேகும் அடம்பிடிக்க ஆரம்பித்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உலோகம் கலக்காத செராமிக் வகை ஃபிலிமில் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி வருகிறது. போனைக் கையில் வைத்துப் பார்த்தால் இடம் சரி, கேபிள் போட்டு கார் ஸ்கிரீனில் பார்த்தால் தப்பு. இணைத்த பிறகு போன் தன் ஆன்டெனாவை விட்டுவிட்டு காரின் ஜிபிஎஸ்ஸை நம்பத் தொடங்குவதுண்டு. காரின் ஆன்டெனா கெட்டிருந்தால் அந்தத் தப்பு போன் மேப்பிலும் வந்துவிடும். போனை மாற்றி ஒரு பயனும் இல்லை.

இதெல்லாம் பார்த்தும் எண்ணிக்கை பூஜ்யம்தான் என்றால் வண்டியைக் கொண்டு வாருங்கள். நாங்கள் முதலில் செட்டின் பின்னால் ஜிபிஎஸ் கனெக்டரைக் கழற்றுவோம். பல கார்களில் அது நீல நிறத்தில் இருக்கும். செட் பக்கம் இருக்கும் நடு ஊசியில் மல்டிமீட்டர் வைத்தால் 3 முதல் 5 வோல்ட் வரை காட்ட வேண்டும். காட்டினால் ஆன்டெனாவுக்குக் கரண்ட் போகிறது என்று அர்த்தம். அப்புறம் எங்களிடம் இருக்கும் நல்ல ஆன்டெனா ஒன்றை அங்கே மாட்டி, காந்தத்தோடு கூரையில் வைத்துப் பார்ப்போம். சாட்டிலைட் வந்துவிட்டால் உங்கள் செட் நன்றாக இருக்கிறது. வோல்ட்டே வராவிட்டாலும், இந்த ஆன்டெனாவிலும் ஒன்றும் பிடிக்காவிட்டாலும்தான் செட்டைத் திறக்கும் பேச்சு.

கூரை மேல் சுறாத் துடுப்பு மாதிரி இருக்கும் ஷார்க் ஃபின் ஆன்டெனாவைக் கழற்றினால் காரணம் பல நேரம் கண்ணுக்கு நேராகவே தெரியும். அடியில் உள்ள ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். அந்த இடுக்கில் மழைத்தண்ணீர் இறங்கி, கனெக்டரின் பித்தளையில் பச்சை பூத்திருக்கும். கூரையில் டிங்கரிங், பெயின்டிங் செய்த வண்டியில் ஒயரைத் திரும்ப மாட்டாமலேயே மூடியிருப்பார்கள். சுத்தம் செய்து, ரப்பர் மாற்றினால் போகிற வேலை அது.

ஒன்றிரண்டு விஷயங்கள் கோளாறே இல்லை. திருச்சூர் போகும்போது குதிரான் சுரங்கப்பாதைக்குள் சிக்னல் போவது இயல்பு. அங்கே பல கார்கள் சக்கர வேகத்தையும் திரும்பும் கோணத்தையும் வைத்துக் கணக்கிட்டு அம்புக்குறியை நகர்த்தும். நம் கோவை அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில்தான் திறந்தது. பழைய மேப்பில் அது இருக்காது, அதனால் கார் கீழ் ரோட்டில் போவதாகவே காட்டும். அதற்கு மேப் அப்டேட்தான் வழி.

பழைய செட்டில் இடம் சரியாகக் காட்டி, தேதி மட்டும் ஏறக்குறைய 20 வருடம் பின்னால் போயிருந்தால் பயப்படாதீர்கள். ஜிபிஎஸ் வாரங்களை 1,024 வரைதான் எண்ணும், பிறகு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கடைசியாக 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியது. சில செட்டுகள் அன்றும், சில அதற்குப் பிறகும் தடுமாறின. இதற்கு கம்பெனி சாஃப்ட்வேர் வந்திருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள், நாங்கள் கழற்றிப் பார்க்க அதில் எதுவும் இல்லை.

வரும்போது எப்போதிலிருந்து இந்தத் தொல்லை, அதற்கு முன் வண்டியில் என்ன வேலை நடந்தது என்பதை யோசித்துவிட்டு வாருங்கள். பேட்டரி, ஃபிலிம், டேஷ்கேம், டிங்கரிங் எதுவானாலும் சொல்லுங்கள். எஸ்டி கார்டைக் கழற்றி வீட்டில் வைத்திருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். கூரை லைனிங்கை இறக்க வேண்டியிருந்தால் அரை நாள் பிடிக்கும், ஆகவே காலையிலேயே வண்டியை விடுவது நல்லது.

அன்புடன்,
உங்கள் கார் எலக்ட்ரிகல் கடை,
கோவை