கடைசி மூன்று பாட்டு

தம்பிக்கு,

நீயும் உன் கூட்டாளியும் பாடிய ராப் கேசட் வந்து சேர்ந்தது. மாமா கோலாலம்பூர் போன இடத்தில் அவராகவே கேட்டு வாங்கினாராம், 25 வெள்ளி கொடுத்து. சொந்த மாமாவிடமா காசு வாங்கினான் என்று அப்பா கேட்டார். வியாபாரம் என்றால் அப்படித்தான் என்று சொல்லிவைத்தேன். பெற்றவர்களுக்கு ஒன்று கொடுத்தனுப்பியிருக்கலாம், சரி, உனக்கு ஆயிரம் வேலை.

ஸ்பாட்டிஃபையிலேயே இருக்கிறது, போனில் கேட்கலாம் என்று அக்கா சொன்னாள். எனக்கென்னவோ அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால்தான் கேட்ட மாதிரி. தாத்தாவின் கேசட் ரேடியோவை இறக்கி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஹெட்டைத் துடைத்துப் போட்டோம். பாடுகிறது.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன், டீச்சர் புத்தி போகாது. மூன்றாவது பாட்டில் பாட்டி பொழுதெல்லாம் பால் வெட்டினார் என்று வருகிறது. பொழுதெல்லாம் யாரும் பால் வெட்டமாட்டார்கள், ஐயா. வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் ஓடாது. இருட்டோடு பெரட்டுக்கு, அதான் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போய்ப் பேர் கொடுத்து, வெயிலுக்கு முன்னால் வெட்டி முடிக்க வேண்டும். அப்புறம்தான் மங்கு மங்காகப் பாலெடுத்து, சுமந்து கொண்டுபோய் நிறுப்பது. மழை பெய்தால் வெட்டு இல்லை, அந்த நாள் கூலி போச்சு. உங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து இதையெல்லாம் பாட்டி எத்தனை தடவை சொல்லியிருப்பார்! ஆனால் ஒட்டுப்பால் வாடை கல்யாணப் புடவையிலும் போகவில்லை என்று அதே பாட்டில் ஒரு வரி வருகிறதே, அது யாருடையது? அப்பா ரேடியோவை நிறுத்தச் சொன்னார். பிறகு அந்த இடத்தை மட்டும் திரும்பப் போடச் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு பாட்டில் கெட்ட வார்த்தை இருக்கிறது. எந்த வானொலியில் அதைப் போடுவார்கள்? அண்டர்கிரவுண்ட் என்றால் அப்படித்தான் என்கிறாள் அக்கா. கோபம் வந்தால் திட்டத்தான் வேண்டுமா, திட்டாமல் உறைக்கிற மாதிரி எழுதத் தமிழில் வழியா இல்லை? இன்னொன்று, ஒரு வெர்ஸின் பதினாறு பாருக்கும், அதாவது பதினாறு தாள அளவுக்கும், வரி முடிவில் இயைபை மட்டும் வைத்து ஓட்டாதே. ஐந்தாவது பாட்டைக் கேள், எதுகை தேடிப் போகாமல் தானாக வந்து விழுகிறது. அந்த வெர்ஸ் யார் எழுதியது என்று எனக்குத் தெரியும். நான்தானே சொல்லிக்கொடுத்தேன், நீ அப்போது ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பாய்.

சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? ராத்திரி முழுக்கப் பதிவு செய்துவிட்டு காலையில் மைலோவைக் குடித்து வேலைக்குப் போனால் உடம்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

2006-ல் யோகி பி, நட்சத்திரா சேர்ந்து ‘வல்லவன்’ ஆல்பம் கொண்டுவந்தார்களே, அப்போது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடமே ஓடவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் தமிழில் ராப் பாடி, தமிழ்நாட்டிலும் அதைக் கேட்கிறார்கள் என்றதும் எனக்கே ஒரு பெருமிதம்தான், வகுப்பில் காட்டிக்கொள்ளவில்லை. அப்புறம் பள்ளி விழாவில் நீங்கள் இரண்டு பேரும் ‘மடை திறந்து’ பாட மேடை ஏறியபோது, அவனுக்கு ழகரம் வரவில்லை. மழையை மளை என்பான். ஓய்வு நேரத்தில் பிடித்து உட்காரவைத்து, நாக்கை மடிக்கச் சொல்லி, அழவைத்தே வரவைத்தேன். இப்போது இந்தக் கேசட்டில் முதல் பாட்டிலேயே அந்த ழகரம் வருகிறது. எந்தக் கூட்டத்திலும் நான் அடையாளம் கண்டுபிடித்துவிடுவேன்.

கடைசி மூன்று பாட்டில் வரும் ழகரமெல்லாம் உன்னுடையது.

ஒன்றும் கேட்கவில்லை, காதில் விழுந்ததைச் சொல்கிறேன். முதல் எட்டுப் பாட்டிலும் நீ மூச்சு வாங்கும் இடத்தில் அவன் சொல்லை எடுத்துக்கொள்கிறான், அவன் நிறுத்தினால் நீ முடிக்கிறாய். எங்கே ஒருவன் நின்றான், எங்கே மற்றவன் வந்தான் என்று புதிதாகக் கேட்பவர்களுக்குத் தெரியாது. ஒன்பதாவது பாட்டில் நீ மூச்சு வாங்குவது அப்படியே கேட்கிறது. மிக்ஸிங் செய்யும்போது அதை எடுத்துவிட முடியாதா? முடியும் என்கிறாள் அக்கா. அப்படியானால் வேண்டுமென்றே விட்டிருக்கிறாய். பீட் போட்டவர் பேரும் அந்த மூன்றுக்கும் வேறு யாரோ.

போயட்டிக் அம்மோ என்ற ராப் குழுவில் நாலு பேர் இருந்தார்கள். 1998-ல் அவர்கள் முதல் ஆல்பம் வந்தபோது ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டனீஸ் என்று எல்லாம் கலந்து பாடினார்கள். யோகி பி அதிலிருந்து வந்தவர்தான். பின்னால் ஆளுக்கொரு பக்கம் போனார்கள், போனதற்காகப் பாடுவதை விட்டுவிடவில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சும்மாதான் சொல்கிறேன்.

எது எப்படியிருந்தாலும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டும். எம்.ஏ.சி.பி. என்கிற இசைப் பதிப்புரிமை அமைப்பில் பாட்டெழுதுகிறவர்கள் பதிந்துகொள்ளலாம், பாட்டு பொது இடத்தில் ஒலித்தால் அதற்குரிய பணத்தை வசூலித்துத் தருவது அவர்கள் வேலை. அங்கேயும் பங்கு என்ன என்றுதான் கேட்பார்கள். நம் நாட்டு 1987 பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 50 வருடம் உரிமை உண்டு. இரண்டு பேர் சேர்ந்து எழுதியதென்றால், இரண்டு பேரில் கடைசியாகப் போகிறவர் காலத்திலிருந்து அந்த 50 வருடம். நீங்கள் பேசிக்கொண்டாலும் பேசாவிட்டாலும் அந்த எட்டுப் பாட்டும் அவ்வளவு காலத்துக்கு உங்கள் இரண்டு பேருடையது. அதனால்தான் சொல்கிறேன், எழுதி வை. மாமா கடை விஷயத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு தாள் எழுதியிருந்தால் இன்றைக்கு உன் சித்தப்பா நம் வீட்டு வாசலைத் தாண்டிப் போகமாட்டார்.

பாசாரில் அவன் அம்மாவைப் பார்த்தேன். ஆல்பத்தைப் பற்றி அவரே பேச்செடுப்பார் என்று காத்திருந்தேன். கெம்போங் மீன் விலையைப் பற்றிப் பேசினார், முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். நானும் விலையைப் பற்றியே பேசிவிட்டு வந்தேன். முன்னெல்லாம் உன் பேரைக் கேட்காமல் அவர் என்னை விட்டதே இல்லை.

ஊரில் விசேஷமாக ஒன்றும் இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பின்வீட்டு ரம்புத்தான் இந்த வருடம் நம் பக்கம்தான் சாய்ந்து காய்த்திருக்கிறது.

பாட்டு நன்றாக இருக்கிறது, ஐயா. குறை சொல்லிக்கொண்டே இருக்கிறேன் என்று நினைக்காதே. ஒன்பதாவதுகூட நன்றாகத்தான் இருக்கிறது. நாங்கள் தோட்டத்திலிருந்து வெளியே வந்த கதையை யாரும் பாட்டாகக் கேட்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. பழைய பள்ளிக்கூட டீச்சர்கள் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டேன், கெட்ட வார்த்தை இல்லாத பாட்டாகப் பார்த்து. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் இரண்டு தடவை கேட்டாராம். ‘உங்கள் மகனோடு பாடுகிற பையன் யார், உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறதே’ என்று எழுதியிருக்கிறார். உன் உச்சரிப்பைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே. அவருக்கு இன்னும் பதில் போடவில்லை.

தீபாவளிக்கு முதல் நாளாவது வந்துவிடு. ஈப்போவரை இரயிலில் வந்தால் அப்பா காடியை எடுத்துக்கொண்டு வருவார். டிக்கெட் சீக்கிரம் முடிந்துவிடும், இப்போதே வாங்கிவை. இந்த வாரம் முறுக்குக்கு மாவு அரைக்கக் கொடுக்கிறேன். வழக்கம்போல உனக்கு ஒரு டின், அவனுக்கு ஒரு டின், அவனுக்கு மட்டும் ஓமம் போடாமல். இரண்டையும் உன்னிடம்தான் கொடுத்தனுப்புவேன். வேறு ஏற்பாடு செய்ய வேண்டுமென்றால் இப்போதே சொல், மாவு அளக்க வேண்டும்.

அம்மா